ஆடியில் மறைத்து வைத்த தளம்

ஆடி பிறந்த அன்று காலை நான் செய்த காரியத்துக்குப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அக்காவின் வலைத்தளத்தில் எல்லாப் பக்கங்களின் தலையிலும் ஒரு வரி சேர்த்தேன். தேடுபொறிகள் வந்து படித்தால், ‘இந்தப் பக்கத்தை யாருக்கும் காட்டாதே’ என்று சொல்லும் வரி.

அக்கா கூடப்பிறந்தவர் இல்லை. எங்கள் தெருக்காரர். திண்டுக்கல் பூ மார்க்கெட் பக்கம் தகரக் கூரைக் கடையில் கல்யாண மாலை கட்டிக்கொண்டிருந்தவர். நான் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, வேலைக்கு மனுப் போட்ட நேரம் போக மற்ற நேரமெல்லாம் தேடுபொறி வித்தையை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தேடுபொறிக்கும் ஒவ்வொரு ருசி. பெரியதுக்குப் பக்கம் சட்டென்று திறக்க வேண்டும், வேறு நாலு தளங்கள் நம்மைக் கை காட்ட வேண்டும். இரண்டாவதுக்கு, ஆட்கள் தேடுகிற சொல் தலைப்பில் அப்படியே இருந்தால் போதும், மனசு குளிர்ந்துவிடும். அக்காவுக்கு ஒரு தளம் செய்து, நான் இரண்டுக்கும் பரிமாறினேன். மாலைப் படங்களின் எடையைக் குறைத்தேன். கொடைரோட்டிலிருந்து ஆயக்குடி வரைக்கும் எந்தெந்த ஊருக்கு மாலை போகும் என்று எழுதி வைத்தேன். தை முடிவதற்குள் இரண்டிலும் முதல் பக்கம். அக்காவின் போன் ஓயவில்லை. இனிமேல் கடை எதற்கு, வீட்டிலேயே கட்டலாமே என்று சொன்னதும் நான்தான். சித்திரையில் கடையை விட்டுவிட்டார். கல்யாண வீட்டுக்காரர்கள் ஒரு தடவைதான் வருவார்கள். அடுத்த முறை வேறு வீடு, வேறு ஊர். அத்தனை பேரும் அக்காவைக் கண்டுபிடிக்க மிச்சமிருந்த ஒரே வழி நான் செய்த தளம்.

ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. ஆகவே யாரும் மாலை தேட மாட்டார்கள். மண்டபங்களுக்கு ஆடியில்தானே வெள்ளையடிக்கிறார்கள்? நானும் பக்கங்களைப் பிரித்துப் போட்டு மாற்றி அடுக்கலாம், அரைகுறையாகக் கிடப்பது தேடுபொறியின் கண்ணில் படாமல் இருக்கட்டும், ஆவணி முதல் தேதி திறந்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஆடிப் பதினெட்டு கழிந்து நாலாம் நாள் அக்கா கூப்பிட்டார்.

“தம்பி, என் போன் ரிப்பேரான்னு செத்த பாரு. ஒண்ணுமே வரல.”

“ஆடிதானேக்கா.”

“ஆடியிலதான்ப்பா வரணும். பதினெட்டு கழிஞ்சதும் ஆவணி முகூர்த்தத்துக்கு மாலை சொல்ல வந்துருவாக. கடை இருந்தப்ப எனக்கு நிக்க நேரமிருக்காது.”

பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். கல்யாணம் நடக்காத மாதம் என்பதுதான் எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு எல்லாம் பேசி முடிக்கிற மாதம் என்று தெரியாது. எங்கள் வீட்டில் பிள்ளைகள் யாருக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

அந்த வரியை உடனே எடுத்தேன். எடுத்தால் ஆயிற்றா? தேடுபொறி மறுபடி வர வேண்டும், படிக்க வேண்டும், சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் விண்ணப்பம் அனுப்பினேன். போய் நின்று கெஞ்ச ஒரு கவுண்டர் இல்லை, திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. முதல் பக்கத்தில் நாங்கள் இருந்த இடத்தில் யார் யாரோ வந்து உட்கார்ந்திருந்தார்கள். காலையில் பல் துலக்கும் முன்னே போனில் தட்டிப் பார்ப்பேன். என் போன் பொய் சொல்கிறதோ என்று டீக்கடைக்காரரின் போனை வாங்கியும் ‘கல்யாண மாலை திண்டுக்கல்’ என்று தேடினேன். எட்டிப் பார்த்தவர், “சொல்லவே இல்லையே, பொண்ணு எந்த ஊரு?” என்றார்.

அக்கா வீட்டைக் கடக்காமல் பின்தெரு சுற்றிப் போனேன். இருமுறை போனில் பிடித்தார். தேடுபொறிக்காரர்கள் ஏதோ மாற்றுகிறார்கள் என்று கூசாமல் சொன்னேன்.

வரியை எடுத்த ஆறாம் நாள் இரண்டாவது தேடுபொறியில் தெரிந்தோம். அன்றைக்கே கொடைரோட்டிலிருந்து ஒரு கல்யாண வீடு பேசியது. அந்தத் தைரியத்தில்தான் அக்கா வீட்டுக்குப் போனேன். வழக்கமாக அக்காவோடு மூன்று பேர் உட்கார்ந்து கட்டும் கூடத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். சித்தையன்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வரும் அம்மாவைக் காணோம்.

“நிக்கச் சொல்லிட்டேன்” என்றார் அக்கா. “பங்குனியில ஒரு மாலை மேடையிலயே பிரிஞ்சுச்சுல்ல, அது அவுக கட்டுனது. அதுலதான் பேரு கெட்டு ஒருத்தரும் வரல போல.”

பிரிந்த மாலையை நான் மறந்தே போயிருந்தேன். அக்கா இத்தனை நாளும் காரணம் தேடியிருக்கிறார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததால், கையில் கிடைத்த காரணத்தைப் பிடித்துக்கொண்டார். எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஆடி முதல் நாள் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கையிலிருந்த முடிச்சைப் போட்டு முடித்து, நாரைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“அப்ப அவுகள நான் எதுக்குப்பா அனுப்புனேன்?”

கட்டிய மாலையைத் தள்ளி வைத்துவிட்டு அக்காவே சொன்னார்.

“நீயே போய்ச் சொல்லிக் கூட்டிட்டு வா. எனக்கு அவுக மூஞ்சியப் பாக்க ஏலாது.”

பஸ்ஸில் போகும்போதும் தட்டினேன். பெரிய தேடுபொறியில் நாங்கள் இன்னும் இல்லை. அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். தேடுபொறி, பட்டியல் என்று உளறி, கடைசியில் தப்பு என்னுடையது, மாலை பிரிந்ததால் இல்லை என்று சொல்லி முடித்தேன்.

“எம்புட்டுக் கல்யாணம் வந்திருக்கு?” என்றார்.

“ஒண்ணு.”

“ஒரு கல்யாணத்துக்கு நான் எதுக்கு அப்பு? மிச்சம் எப்ப வரும்?”

“தெரியலைம்மா.”

முறத்தை உள்ளே வைத்துவிட்டுப் பையோடு வெளியே வந்தார். “வாரேன். என் கட்டு தளர்வு இல்லைன்னு அவ வாயால கேக்கணும்.”

அக்கா அப்படியே சொன்னார். சொன்னபோது நான் கூடத்துக்குள் போகாமல் வெளியிலேயே நின்றேன். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு அந்த ஒரு வீட்டு மாலைதான் போனது. மூன்று பேருக்கும் போதாத வேலையை மூன்று பேரும் மெதுவாகக் கட்டினார்கள். பெரியதில் நாங்கள் நாலாம் பக்கத்தில் தலைகாட்டியது அதற்கும் ஒரு வாரம் கழித்து. யார் நாலாம் பக்கம் வரை போய்ப் பார்க்கப் போகிறார்கள்? அக்காவிடம் அதையும் மறைக்காமல் சொன்னேன்.