நான்காவது ஜாப்பில் நிற்க வேண்டும்

எங்கள் கம்பெனிக்கு அந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது நான். முதலாளி கையெழுத்துப் போட்டார், விற்க வந்தவன் வாய் ஓயாமல் பேசினான். ஆனால் வந்த மூன்று மென்பொருள்களில் இதுதான் சரி என்று எழுதிக் கொடுத்தது நான்தான். யாராவது கேட்டால் மேலே இருப்பவர்கள் முடிவு செய்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்.

மளிகைச் சாமான் மொத்த வியாபாரம். கிடங்கு கிள்ளானில். ஆபிஸ் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஒரு கடை வரிசையின் மாடியில். பருப்பு, மிளகாய், எண்ணெய், ஊதுபத்தி என்று மஸ்ஜித் இந்தியாவிலிருந்து ரவாங் வரைக்கும் சின்னச் சின்னக் கடைகளுக்கு எங்கள் லோரிகள் போகும். லோரி கிளம்புவதற்கு முன் கணினியில் பதினேழு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட வேண்டும். ஒவ்வொன்றையும் ஜாப் என்போம். முதல் மூன்றும், விற்பனைப் பையன்கள் கடை கடையாக எடுத்துப் போனில் அனுப்பும் ஓர்டர்களை உள்ளே இழுக்கும். நான்காவது ஓர்டரை மூடிவிட்டு, எந்த லோரியில் எது ஏற வேண்டும் என்று பட்டியல் போடும். மிச்சம் எல்லாம் அந்தப் பட்டியலை வைத்து ஓடுபவை.

இந்தப் பதினேழையும் கையால் ஓட்டியவர் ஒரு அக்கா. ஐம்பத்து மூன்று வயது. காலை ஆறு மணிக்குக் கிள்ளான் கிடங்குக்கு வந்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, காலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். இருபது வருஷத்துக்கு மேல் அதே நாற்காலி. வீட்டுக்காரர் லோரி ஓட்டி முதுகு போய் வீட்டில் இருக்கிறார். சம்பாதிப்பது அக்கா ஒருவர்தான்.

நான் அதே கிடங்கில் சிஸ்டம் பார்ப்பவன். ஒருநாள் முதலாளி என்னைப் பிரிக்பீல்ட்ஸுக்குக் கூப்பிட்டார்.

"இன்னும் ஒரு ஆளு உக்காந்து பட்டன் அமுக்கிட்டு இருக்கு. கேக்கவே வெக்கமா இருக்குலா. எல்லாம் தானா ஓடணும். நல்லதா ஒண்ணு பாரு."

"அக்காவ என்ன செய்றது பாஸ்?"

"அவங்கள யாரு தூக்கப் போறா? ஸ்க்ரீன பாத்துக்கிட்டு உக்காரட்டும். நீயும் எத்தன நாளைக்கு அந்தத் தூசில கிடப்ப? இங்க ஒரு கண்ணாடி ரூம் காலியாத்தான் இருக்கு."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

மூன்று மென்பொருள்கள் வந்தன. முதலாவது கடிகாரத்தை மட்டும் பார்த்து ஓடுவது. ஆறு மணி என்றால் ஆறு மணி, முந்தைய ஜாப் முடிந்ததா விழுந்ததா என்று கேட்காது. அதை ஒரே நாளில் ஒதுக்கினேன். இரண்டாவது பார்க்க அசிங்கமாக இருந்தது, சாம்பல் நிறத்தில், பழைய பேங்கு ஸ்க்ரீன் மாதிரி. ஆனால் ஒன்று முடிந்தால்தான் அடுத்ததை ஓட்டும். மூன்றாவதும் அப்படித்தான், கூடவே அழகு. எல்லாம் இணையத்தில், கட்டம் கட்டமாக, ஓடி முடித்த கட்டம் பச்சையாக மாறும். முதலாளிக்கு அந்தப் பச்சை பிடித்துப்போயிற்று.

இரண்டாவது கம்பெனியின் பொறியாளர் கிள்ளானுக்கு நேரில் வந்தார். நடுத்தர வயது சீனர். ஒரு காலை முழுக்க அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். மூன்றாவது ஜாப் முடிந்ததும் அக்கா நான்காவதை ஓட்டவில்லை. ஸ்க்ரீனில் எண்களைப் பார்த்தார். போனை எடுத்தார்.

"தம்பி, ரவாங்ல இருவது கடைக்கு மேல வரணும். பதினொண்ணுதான் வந்துருக்கு. போன் சிக்னல் இல்லாத எடத்துல நின்னுக்கிட்டு அனுப்பிட்டேன் அனுப்பிட்டேன்னு சொல்லாத. மேட்டுக்குப் போயி அனுப்பு."

அந்தப் பக்கம் விற்பனைப் பையன் ஏதோ சொன்னான். அக்கா, "ஆமா, எனக்கு மூக்கு வேர்க்கும். அனுப்புலா," என்று சிரித்தார். கால் மணி நேரம் கழித்து மிச்ச ஓர்டர்கள் வந்தன. அப்புறம்தான் நான்காவதை ஓட்டினார்.

அந்தப் பொறியாளர் என்னைப் பார்த்து மலாயில் சொன்னார்: பாதி ஓர்டர் வந்தாலும் மூன்றாவது ஜாப் வெற்றி என்றுதான் காட்டும். இங்கே மென்பொருள் நின்று ஒரு மனிதரைக் கேட்க வேண்டும். அந்த வசதி எங்களிடமும் உண்டு, மற்றவர்களிடமும் உண்டு. எங்கெல்லாம் நிறுத்த வேண்டும் என்று தெரிய இரண்டு மாதம் இவரோடு உட்கார வேண்டும்.

இரண்டு மாதம் எங்களிடம் இல்லை. ஆடி பிறக்க மூன்று வாரம்தான் இருந்தது. ஆடியில் எங்கள் முதலாளி புது லோரி எடுக்கமாட்டார், புதுக் கிளை திறக்கமாட்டார், ஒரு நாற்காலிகூட வாங்கமாட்டார். ஆடி முடிந்தால் தீபாவளிச் சரக்கு வர ஆரம்பித்துவிடும், அப்போது கணினியில் யாரும் கை வைக்க முடியாது. ஆகவே ஆடிக்கு முன்னால் வந்த கடைசி வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் தொடங்குவதற்கு முன் ஓடத் தொடங்கிவிட வேண்டும் என்றார். மூன்றாவது கம்பெனியின் விற்பனையாளன், நம் தமிழ்ப் பையன்தான், "நம்ம ப்ராடக்ட் பத்து நாள்ல ஏறிடும் பாஸ். பஞ்சாங்கம் பாத்தே ஏத்திடலாம்," என்று சிரித்தான். முதலாளியும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அக்காவிடம் போய், செய்வதையெல்லாம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"எழுதிக் கொடுத்தா அப்புறம் எனக்கு என்ன வேல தம்பி?"

"ஸ்க்ரீன பாத்துக்கணும்கா. தப்பா ஓடுனா செவப்பு காட்டும்."

"செவப்பு காட்டுறதுக்கு எதுக்கு ஒரு ஆளு? பாஸ் போன்லயே காட்டுமே."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா. நான் இருக்கேன்ல."

மேசை டிராயரிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். அப்புறம் எழுத ஆரம்பித்தார். பதினோரு பக்கம், நீலப் பேனாவில், அடித்தல் திருத்தல் இல்லாமல். நான்காவது ஜாப்புக்கு மட்டும் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். இங்கே நிற்க வேண்டும். கடை எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். மழை நாளில், பண்டிகைக்கு முந்தின நாளில், கட்டாயம் நிற்க வேண்டும். எத்தனை கடை வர வேண்டும் என்று கணக்கு வைத்துச் சொல்ல முடியாது, பார்த்தால் தெரியும்.

பார்த்தால் தெரியும் என்பதை மென்பொருளில் எங்கே எழுதுவது? ஒரே ஒரு வழிதான். நான்காவதில் நிறுத்திவிட்டு அக்காவைக் கேட்க வைப்பது. அவர் சரி என்று அழுத்தினால்தான் போகும். அது மட்டும் இருந்தால் அந்த நாற்காலிக்கு ஒரு காரணம் இருக்கும். இது எனக்கு அப்போதே நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

முதலாளிக்குக் கொடுக்க ஒரு மதிப்பெண் தாள் தயார் செய்தேன். மூன்று மென்பொருள், பன்னிரண்டு வரிசை. ஒன்பதாவது வரிசை ஆள் தலையீடு. குறைவாக இருந்தால் நல்ல மதிப்பெண். மூன்றாவது மென்பொருளுக்கு அந்த இடத்தில் முதலில் ஒன்று என்று போட்டேன், நான்காவது ஜாப்பில் ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக. விற்பனையாளன் அதைப் பார்த்தான்.

"என்னாண்ணே இது? ஒண்ணுன்னு போட்டா பாஸ் ஏன்னு கேப்பாரு. நீங்க நாலாவதப் பத்திச் சொல்லணும். அப்புறம் அது டெஸ்ட் பண்ண நாள் ஆகும். ஆடி வந்துரும். அப்புறமா சேத்துக்கலாம்லா, ரெண்டு கிளிக்தான்."

ஒன்றை அழித்துப் பூஜ்யம் போட்டு, மூன்றாவதுதான் சரி என்று கீழே எழுதினேன். ஜாப்கள் ஓட வேண்டிய வரைபடத்திலிருந்து நிற்கும் இடத்தையும் எடுத்துவிட்டோம். அதைச் செய்ய எனக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குக் கிடங்கில் பூஜை. புது லோரி வந்தால் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைப்போம். இதற்குச் சக்கரம் இல்லை. மென்பொருள் எங்கேயோ சிங்கப்பூரில் ஓடுகிறது. கடைசியில் என் மடிக்கணினியை மேசைமேல் வைத்து, மூலையில் சந்தனமும் குங்குமமும் வைத்து, முன்னால் எலுமிச்சம்பழத்தை வைத்தார்கள். கிடங்கில் வெள்ளிக்கிழமைப் பூஜை எப்போதும் செய்வது அக்காதான். அன்றைக்கும் அவர்தான் கற்பூரம் காட்டினார். அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற நிலையை நான் பார்க்காமல் இருக்க ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. முதலாளி கை தட்டினார். எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல்.

இரண்டு வாரம் எல்லாம் பச்சை. மழை இல்லை, பண்டிகை இல்லை, ஓர்டர்கள் நேரத்துக்கு வந்தன. அக்கா ஆறு மணிக்கு வந்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, தானாக ஓடும் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுக் குறைந்துபோயிற்று. ஒருநாள் என்னிடம், "சும்மா உக்காந்துருக்கிறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா தம்பி?" என்றார். நான் போனைப் பார்ப்பதுபோல் இருந்தேன்.

மூன்றாவது வாரம் முதலாளி கிள்ளானுக்கு வந்தார். அக்காவைக் கூப்பிட்டார். என்னையும் உட்காரச் சொன்னார். மேசைமேல் என் மதிப்பெண் தாள் இருந்தது.

"சிஸ்டத்துக்கு ஆளே தேவையில்லன்னு போட்டுருக்கு. நான் சொல்லல, ரிப்போர்ட் சொல்லுது. இந்த மாசக் கடைசியோட முடிச்சுக்கலாம்கா. சட்டப்படி என்ன தரணுமோ தந்துடுறேன்."

அக்கா முதலாளியைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நாலாவதுல நிக்கணும்னு எழுதிக் கொடுத்தனே. போட்டீங்களா?"

"போடலக்கா."

"ஏன்?"

ஏன் என்று சொல்ல வாய் திறந்தேன். கண்ணாடி அறை என்று சொல்லவா? முதலாளி குறுக்கே வந்து, அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம் என்றார். அக்கா தலையாட்டினார்.

"சரி பாஸ். ஆடில யாரும் புதுசா வேலைக்கு எடுக்க மாட்டாங்க. லிட்டில் இந்தியா கடைங்கள்ல கேட்டாலும் ஆவணி பொறக்கட்டும்னுதான் சொல்லுவாங்க. ஆவணி வரைக்குமாச்சும் விடுங்க."

"நல்ல காரியம்தான்கா ஆடில செய்யக் கூடாது," என்றார் முதலாளி.

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். ஒருவரை வேலையை விட்டு அனுப்புவது நல்ல காரியம் இல்லை, ஆகவே தடையும் இல்லை. நான் எழுந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். தாளில் பூஜ்யம் போட்டது பொய் என்று ஒரே வாக்கியம் போதும். சொல்லவில்லை. அக்கா ஸ்வெட்டரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். மாதக் கடைசி வரைக்கும் அவர் காத்திருக்கவில்லை. நான் வாசல்வரைகூடப் போகவில்லை.

பத்து நாள் கழித்துக் காலையில் பெருமழை. ரவாங் பக்கம் சிக்னல் போயிற்று. நான்காவது ஜாப் பச்சை, பதினேழும் பச்சை. லோரிகள் பாதிச் சரக்கோடு கிளம்பிப் போயின. பத்து மணிக்குக் கடைக்காரர்கள் திட்ட ஆரம்பித்தார்கள். முதலாளி போனில் கத்தினார். நான் நடந்ததைச் சொன்னேன். முழுக்கச் சொல்லவில்லை, நான்காவதில் ஒரு ஆள் பார்த்து அழுத்த வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப போடு."

போட்டேன். விற்பனையாளன் சொன்னது நிஜம், இரண்டு கிளிக்தான். யார் அழுத்துவது என்று அதில் ஒரு பெயர் கேட்டது.

"அக்காவையே திரும்பக் கூப்பிடலாம் பாஸ்."

"போனவங்கள எதுக்குக் கூப்பிடணும்? நீதான் இருக்கியே. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

எனக்கு எல்லாம் தெரியாது. பார்த்தால் எனக்குத் தெரியவில்லை. கண்ணாடி அறை இன்னும் காலியாகவே இருக்கிறது; நான் கிள்ளானில் அக்காவின் நாற்காலியில், ரவாங்கில் பதினாறு கடை சரியா, தவறா என்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பயத்தில் எல்லோருக்கும் போன் போடுகிறேன். விற்பனைப் பையன்களுக்கு என் குரல் கேட்டாலே எரிச்சல். லோரிகள் தினமும் அரை மணி நேரம் தாமதம். ஒரு ஆளைக் குறைக்க வாங்கிய மென்பொருள் இது. அந்த ஆளின் வேலை அப்படியே இருக்கிறது. அதைச் செய்யத் தெரிந்தவர் மட்டும் இல்லை.

அக்காவுக்குப் போன் செய்தேன். நான்காவது முறை எடுத்தார். பின்னால் பாசார் சத்தம், விலை கூவும் சந்தை இரைச்சல். மழையன்று நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க நினைத்துத்தான் போன் செய்தேன், ஆனால் அது வரவில்லை.

"இப்ப யாரு அழுத்துறா?"

"நான்தான்கா."

"ஆறு மணிக்கு வந்துடுறீங்களா?"

"வந்துடுறேன்."

நானே தொடர்ந்து, "நீங்க எங்க வேல பாக்குறீங்கக்கா?" என்று கேட்டேன்.

"கோழிக் கடைல. கழுவிப் போடுற வேல. கை ஈரமா இருக்கு தம்பி, வச்சிடுறேன்."

அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை.