மன்னார்குடி சித்தப்பாவின் ஐந்து ஸ்டார்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. மகள் நிவேதா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அம்மா, என்ன பண்ணி வெச்சிருக்க?"

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்...

திருவையாறு பக்கம் எங்கள் வயலில் விளையும் தூயமல்லி அரிசியை நிவேதா சொந்தமாக வெப்சைட் வைத்து விற்கிறாள். இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து தொடங்கிய கடை. போன வாரம் சென்னைப் பெண்மணி ஒருவர் அதில் ஒரே ஒரு ஸ்டார் போட்டிருந்தார். ‘சாதம் களி மாதிரி குழைந்துவிட்டது.’

பெற்ற வயிறு சும்மா இருக்குமா? கடையின் பாஸ்வேர்ட் எனக்கும் தெரியும். அந்த விமர்சனத்தை மறைத்தேன். அதோடு விட்டேனா? ‘நிவேதா கடைக்கு நல்லதா நாலு வரி எழுதுங்க’ என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்.

எழுதினார்கள். கல்யாண வாழ்த்து மாதிரி... உறவுமுறையோடு, ஊர்ப் பெயரோடு! ‘சாதம் மல்லிகைப்பூவாக உதிர்ந்தது. நீடூழி வாழ்க மகளே. இப்படிக்கு, சித்தப்பா, மன்னார்குடி.’ ஐந்து ஸ்டார். சர்க்கரை வந்த நாளிலிருந்து என் கொழுந்தனார் சாதத்தைத் தொடுவதே இல்லை. மூன்று வேளையும் சப்பாத்திதான்.

நிவேதா நீட்டிய போனில் சென்னைப் பெண்மணியின் மெசேஜ் இருந்தது. ‘என் விமர்சனத்தை மறைத்துவிட்டு, சொந்தக்காரர்களை எழுத வைத்திருக்கிறீர்கள். நுகர்வோர் கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்.’

தெரிந்த வக்கீலுக்கு போன் போட்டேன்.

"விக்கிறவங்களே வாங்கினவங்க மாதிரி வேஷம் கட்டி எழுதக் கூடாதுன்னு விதியே இருக்குங்க. சொந்தக்காரங்களை விட்டு எழுத வெச்சா மட்டும் சும்மா விடுவாங்களா? பிடிக்காததை மறைக்கிறதும் வம்புதான். வாராவாரம் பத்திரிகையில எழுதுறீங்க, இதுகூடத் தெரியாதா?"

தெரியாது! வீட்டுக்குள் பிள்ளையைப் புகழ்ந்தால் பாசம். அதையே வாடிக்கையாளர் வேடத்தில் செய்தால் பொய்ச்சாட்சி... இது எனக்கு உறைக்க வக்கீல் தேவைப்பட்டார்.

நிவேதா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். சொந்தக்காரர்களின் ஐந்து ஸ்டார்களை எல்லாம் நீக்கினாள். அந்த ஒற்றை ஸ்டாரைத் திரும்ப வைத்தாள். அதன் கீழே பதில் எழுதினாள்: ‘நீக்கியவை எங்கள் உறவினர்கள் எழுதியவை. மன்னியுங்கள். இது புது அரிசி, தண்ணீர் குறைவாக வைக்க வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டது எங்கள் தவறு.’

புது அரிசி குழையும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அதனால் பாக்கெட்டிலும் எழுதவில்லை!

அடுத்த நான்கு நாளும் கேட் சத்தம் கேட்டாலே நோட்டீஸோ என்று ஓடினேன். மகளின் கடையை நானே மூடவைத்துவிட்டேனா?

சனிக்கிழமை ஆட்டோ வந்து நின்றது. பட்டுப்புடவையில் ஒரு பெண்மணி. தஞ்சாவூரில் கல்யாணத்துக்கு வந்தவர், பாக்கெட்டில் இருந்த விலாசத்தை விசாரித்து வந்திருக்கிறார்.

"நான்தாங்க அந்த ஒரு ஸ்டார்."

நான் ஓர் எட்டு பின்னால் போனேன். நிவேதாதான் "உள்ள வாங்க" என்றாள்.

"பயப்படாதீங்க, கோர்ட்டுக்குப் போகலை. உங்க பதிலைப் படிச்சேன், தண்ணியைக் குறைச்சேன், சாதம் பரவாயில்லை. மூணு ஸ்டாரா மாத்திட்டேன். அதுக்கு மேல கேக்காதீங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா அந்த மன்னார்குடி சித்தப்பா நம்பர் மட்டும் குடுங்க. புது அரிசியில அவருக்கு மட்டும் எப்படி மல்லிகைப்பூவா வந்துச்சுன்னு கேக்கணும்!"