பூவரசம் இலை ஐசி

பூவரசம் இலையில ஈர்க்கால கீறினா ஒரு பச்சை வாசம் வரும்... அந்த நாளில சோறு தின்னும்போதும் என் விரல்ல அந்த வாசம்தான்.

சண்டைக்காலம். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில ஒரு ஓலைக் கொட்டில். அதுதான் எங்கட நேசறி, பாலர் பள்ளி. நானும் ரஜனியும் டீச்சர்மார், ட்ரெயினிங் முடிச்ச சூடு ஆறாமல் வந்திருந்தம். களிமண், பாட்டு, நாடகம்... என்ன விளையாடுறதெண்டு பிள்ளைகளே முடிவெடுக்கட்டும் எண்டு பெரிசா சொல்லிக்கொண்டு திரிஞ்சம்.

பிள்ளைகள் முடிவெடுத்தார்கள். செக் பொயின்ட் விளையாட்டு!

குறுக்கே ஒரு கயிறு. தடியோட ஒருத்தன் ஆமி. மற்றவர்கள் இலையில தங்கட முகத்தைக் கீறிக்கொண்டு வரிசையில வருவார்கள். அதுதான் ஐசி, அடையாள அட்டை.

"எங்க போறது? ஐசி எங்க?"

அச்சு அசல் பாலத்தடி செக் பொயின்ட் ஆமிக்காரன்ர குரல்.

"நிப்பாட்டுவம் ரஜனி. சின்னப் பிள்ளையள் விளையாடுற விளையாட்டா இது?"

"அப்ப நீயும் மறிக்கப் போறியா?"

அவிழ்க்கப் போன கயிற்றை விட்டிட்டேன்.

என் கவலையெல்லாம் சுதாவைப் பற்றித்தான். நாலு வயது. செக் பொயின்டில அப்பாவை மறிச்சபோது அவர் கையைப் பிடிச்சுக்கொண்டு நின்ற பிள்ளை. அப்பா திரும்பி வரவில்லை. அதுக்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. விளையாட்டு நடக்கும்போது தூணைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிற்பாள்.

ஒருநாள் தூணை விட்டு வந்தாள். நேரே போய்த் தடிக்குக் கையை நீட்டினாள். பொடியன் மறுபேச்சில்லாமல் குடுத்தான்.

வந்த இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தலையை ஆட்டி எல்லாரையும் விட்டாள். கடைசியாத் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு இலையை எடுத்தாள்... மீசை வைச்ச முகம்.

அதைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் மெதுவா வைச்சாள்.

"அப்பா... நீங்க போங்க."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. ரஜனி அழுதுவிட்டாள். நாங்கள் படிச்ச எந்தப் பாடத்திலும் இது இல்லை. அந்தப் பிஞ்சு தானே ஒரு வழி கண்டுபிடிச்சு, அப்பாவைத் தன் கையாலேயே அனுப்பி வைச்சிட்டுது. அந்தப் பிரமிப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

இப்போ நேசறிப் பிள்ளைக்கும் ஹோம்வேர்க். "எப்ப மிஸ் எழுதப் பழக்குவீங்க?" எண்டு தாய்மார் வாசல்லயே மறிக்கிறாங்க. பூவரசு நிக்குது, இலை பறிக்கத்தான் ஆளில்லை.

பாலத்தடியில இப்போ செக் பொயின்டும் இல்லை. ஆனாலும் ஸ்கூட்டியில வரும்போது அந்த இடத்தில என் கை தானாப் பிரேக்கைப் பிடிக்கும்.

சுதாவின் குரல் காதில கேட்டாத்தான் கை தளரும்... "நீங்க போங்க."