சேம்புக்குழியில் ஊற்றிய தண்ணீர்

அந்தப் பஞ்சத்தில் எங்கள் தீவில் பதினான்கு மாதம் மழை இல்லை. கூரைத் தண்ணீர் பிடிக்கிற தொட்டிகளில் பல்லி செத்துக் கிடந்தது. ஊரில் ஒவ்வொரு கிணறாக உப்பேறிப் போய், எங்கள் பக்கத்து ஆறு வீட்டுக்கும் எரிதாயா வீட்டுக் கிணறு ஒன்றுதான் மிச்சம். கிணறு என்றால் பெரிய ஆழம் இல்லை. ஒரு ஆள் இறங்கி நின்றால் தலை வெளியே தெரியும். மணலுக்கு அடியில், கடல் தண்ணீருக்கு மேலே, மழைத் தண்ணீர் மெல்லிசாக மிதந்து கிடக்கிறதே, அதை மொண்டுதான் நாங்கள் உயிர் வாழ்ந்தோம்.

அந்தக் கிணற்றைப் பார்த்துக்கொண்டவள் தெபோரா. எரிதாயாவின் மனைவி. வடக்கே ஒரு தீவிலிருந்து இருபது வயதில் கட்டிக்கொண்டு வந்தவள். பிள்ளை இல்லை. கொழுந்தன் பெண்ணை, இரண்டு வயசுக் குழந்தையை, எடுத்து வளர்த்தாள். காலையில் கிணற்றை மூடிய பலகையை எடுப்பாள், வீட்டுக்கு மூன்று வாளி, அதற்கு மேல் தன் வீட்டுக்கே தரமாட்டாள். பக்கத்து வீட்டுக்காரி நான் ஒருநாள் நாலாவது வாளி கேட்டேன். "அத்தை, குளிக்கணும்னா கடல் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பலகையைப் போட்டுவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் அவள் செய்தது சரிதான்.

கிணற்றுக்கு முப்பது தப்படி தள்ளி அவர்களுடைய சேம்புக்குழி. ஆளுயரம் தோண்டி, அடியில் தண்ணீர் ஊறுகிற சேற்றில் நட்ட பெருஞ்சேம்பு. ஒவ்வொரு செடியையும் சுற்றித் தாழை ஓலையில் கூடை பின்னி, இலைதழை போட்டு, துருப்பிடித்த தகரடப்பா போட்டு, வருஷக்கணக்கில் வளர்க்க வேண்டும். ஒரு கிழங்கை ஊர்க்கூடத்தில் கொண்டுபோய் வைத்தால் நாலு பேர் சேர்ந்து தூக்கவேண்டும். அதுதான் எங்களுக்கு மானம். குழி வேலை ஆண்கள் வேலை. எரிதாயா ஆஸ்திரேலியாவுக்குத் தக்காளி பறிக்கப் போனதும் இவள் இறங்கிவிட்டாள்.

எதிர்வீட்டு பிபியானாவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்ன மதினி, இனி மீசை ஒண்ணுதான் பாக்கி போலிருக்கு?"

"உனக்குத்தான் கொஞ்சம் இருக்கே, அதுல பாதி கொடேன்."

பிபியானாவே சிரித்துவிட்டாள். தெபோரா அப்படிப்பட்டவள்.

எரிதாயா முதல் தடவை திரும்பி வந்தபோது மூன்று பழுப்புக் கண்ணாடிப் பாட்டில் கொண்டுவந்தான், ஒவ்வொன்றும் அரை லிட்டர். மின்சிகரெட்டில் ஊற்றுகிற திரவம். அங்கே வேலைக்காரர் முகாமில் எல்லோரும் அதைத்தான் இழுக்கிறார்களாம். வாசனையும் பாகும் கலக்காத அசல் புகையிலைச் சத்து, இங்கே வந்து கலந்துகொள்ளலாம் என்று எண்ணம். நெஞ்சில் சளி கட்டியதும் அதை விட்டுவிட்டான். மறுபடியும் வேலைக்குப் போய்விட்டான். பாட்டில்கள் மூன்று வருஷம் கூரைச் சட்டத்தில் கிடந்தன.

ஒருநாள் எலி ஒரு பாட்டிலை உருட்டிவிட்டது. குழந்தை அதை எடுத்து மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். மூடி இறுக்கமாக இருந்ததால் பிழைத்தாள். தெபோரா அதைப் பிடுங்கிவிட்டு, புருஷனைப் போனில் கூப்பிட்டாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"அந்தச் சனியன என்ன செய்ய?"

"தூக்கிப் போடு."

"எங்க போட?"

"எங்கயாவது."

"நீ இருக்கிற ஊர்ல எங்கயாவதுன்னு ஒரு இடம் இருக்கு. இங்க இல்லய்யா."

அவள் சொன்னது உண்மை. எங்கள் ஊர் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே ஒரு தேங்காய் எறிகிற தூரம். கடலில் ஊற்றினால் பெண்கள் சிப்பி பொறுக்குகிற திட்டு. எரித்தால் பாட்டில் வெடிக்கும், புகை ஆறு வீட்டுக்குள்ளும் போகும். கக்கூஸ் குழியில் ஊற்றினால் கீழே தண்ணீருக்குப் போய்விடும். கரைக் குப்பையில் போட்டால் பன்றியும் பிள்ளைகளும் கிளறும். ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லித் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயம் பார்த்து அவள் குழியில் வண்டு விழுந்திருந்தது. தெற்கே தலைநகர்ப் பக்கமிருந்து வந்த கறுப்பு வண்டு. கிழங்கைத் துளைத்து உள்ளேயே குடியிருக்கும். மாமனார் நட்ட எட்டு வருஷச் செடியின் இலை பழுத்துத் தொங்கியது.

அப்போது நான்தான் சொன்னேன். மறைக்கமாட்டேன். என் அம்மா காலத்தில் கட்டைப் புகையிலையை ஊறவைத்த தண்ணீரைப் பேனுக்கும் பூச்சிக்கும் ஊற்றுவார்கள், அதில் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

"வண்டுத் துளையில ஊத்து. பாட்டிலும் காலியாகும், வண்டும் சாகும்."

"இது அதே பொகையிலதானா அத்தை?"

"பொகையில இல்லாம பின்ன என்ன, மீன் எண்ணெயா? ஊத்துடின்னா."

தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு மொண்டு ஒன்றரைப் பாட்டில் ஊற்றினாள். மூன்றாம் நாள் வண்டுகள் வெளியே வந்து மல்லாந்து கிடந்தன. குழிக்குள்ளிருந்து அவள் சிரித்த சிரிப்பு ரோடு வரை கேட்டது. "அத்தை, வந்து பாருங்க, ஒரு கூடை தேறும்!" பார்த்துவிட்டு நானும் என்னையே மெச்சிக்கொண்டேன்.

நாலாம் நாள் பிபியானாவின் கோழிகள் நாலும் செத்துக் கிடந்தன. வண்டைக் கொத்தியிருக்கின்றன.

"என் கோழிக்கு என்னத்தடி வச்சே?"

"உன் கோழிய யாரு என் குழிக்கு விருந்துக்குக் கூப்பிட்டா?"

சத்தம் கேட்டு வைத்தியசாலை நர்ஸ் ரோத்தே வந்தாள். பறவைக் காய்ச்சலோ என்று அவளுக்குப் பயம். தெபோரா மீதிப் பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினாள். ரோத்தே பாட்டிலில் ஒட்டியிருந்த தாளில் சத்தின் அளவு போட்ட எண்ணைப் படித்தாள். ஒன்றும், பின்னால் இரண்டு சுழியும். அவள் முகம் மாறிவிட்டது.

"இத வெறும் கையால தொட்டீங்களா அக்கா?"

"தொட்டேன். கழுவிட்டேன்."

"இதுல ஒரு மூடி போதும், ஒரு ஆளு பொழைக்கமாட்டான். தோல் வழியாவே ஏறும். எவ்வளவு ஊத்துனீங்க?"

தெபோரா விரலால் பாட்டிலில் அளவு காட்டினாள். ரோத்தே குழியைப் பார்த்தாள். அப்புறம் கிணற்றைப் பார்த்தாள். குழிக்கு அடியில் ஊறுவதும் கிணற்றில் ஊறுவதும் ஒரே தண்ணீர் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று காலையில் ஆறு வீடும் அதில்தான் மொண்டு போயிருந்தது. உலையில் வைத்தாயிற்று. பிள்ளைகள் குடித்தாயிற்று.

தெபோரா ஓடினாள். நாங்கள் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் குழிக்குள் இறங்கிவிட்டாள். எட்டு வருஷச் செடியை வேரோடு பிடுங்கி எறிந்தாள். அப்புறம் பக்கத்துச் செடி. அப்புறம் சேறு. சிரட்டையாலும் கையாலும் தோண்டித் தோண்டி மேலே வீசினாள். தொடை வரை சேறு.

"மேல வாங்கக்கா! அது உங்க ஒடம்புலதான் ஏறுது!" என்று ரோத்தே கத்தினாள்.

"இன்னும் கீழ போகல, இன்னும் போயிருக்காது, எடுத்துடலாம், எடுத்துடலாம்" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் வாயில் எச்சில் ஒழுகியது. கை உதறியது. வாந்தி எடுத்து அந்தச் சேற்றிலேயே சாய்ந்தாள். கோழிக்காகச் சண்டை போட வந்த பிபியானாதான் முதலில் குதித்தவள். "தொடாதே" என்று ரோத்தே கத்த, பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, தெபோராவின் இடுப்பில் ஒரு பாவாடைத் துணியைக் கட்டி மேலே இழுத்தாள். நாங்கள் தூக்கிப்போய்க் கடலில் உட்காரவைத்து, உடுத்திய துணியெல்லாம் உரித்துப் போட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்தோம். அவள் நெஞ்சு அடித்தது என் உள்ளங்கையில் தெரிந்தது. மீன் துள்ளுகிற மாதிரி. சாயங்காலம் வரை பிழைப்பாளா என்று தெரியவில்லை. கண் திறந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"கிணத்த மூடியாச்சா?"

மறுநாள் ஊர்க்கூடத்தில் ஆறு வீடும் கூடியது. அவளுக்கு நிற்க முடியவில்லை, தூணில் சாய்ந்து நின்றாள். "கிணத்துல விஷம் கலந்தது நான். தெரிஞ்சு செய்யல. ஆனா செஞ்சது நான்" என்றாள்.

நான் எழுந்தேன். "ஊத்தச் சொன்னது நான். அவ தயங்குனா, நான்தான் அதட்டுனேன்."

"அத்தை சொன்னது பொகையிலத் தண்ணி. நான் ஊத்துனது வேற. நீங்க உக்காருங்க" என்றாள். உட்காரமாட்டேன் என்றேன். பெரியவர் பெயா, "ரெண்டு பேரும் உக்காருங்க. தண்ணிக்கு என்ன வழி? அதப் பேசு" என்றார்.

அடுத்த ஊர்க் கிணறு நடந்து போக முக்கால் மணி நேரம். பெண்கள் முறை போட்டுக்கொள்ளுங்கள் என்றார் பெயா. தெபோரா முறை வேண்டாம் என்றுவிட்டாள். கைவண்டியில் கேன்களை ஏற்றி, காலையில் ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை, ஆறு வீட்டுக்கும் அவளே இழுத்தாள். சக்கரம் மணலில் புதையும். கை நடுக்கம் அவளுக்கு இன்னும் நிற்கவில்லை. நான் பின்னால் தள்ளப் போனால் வண்டியை நிறுத்திவிடுவாள். நான் திரும்பினால்தான் நகர்வாள். நான் திரும்புகிற மாதிரி போய் மறுபடியும் பின்னால் வந்து தள்ளுவேன். இப்படியே எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்பது வாரம்.

மண்ணுக்கும் பாட்டிலுக்கும் ரோத்தே வழி சொன்னாள். கையுறை போட்டு, மண்வெட்டியால் அள்ளி, மூடி போட்ட இரண்டு பீப்பாயில் சேற்றை அடைத்தோம். மீதித் திரவத்தை வேறு எதிலும் மாற்றாமல், அதே பாட்டிலில், மூடியை இறுக்கி, காலிப் பாட்டிலையும் சேர்த்துப் பையில் சுற்றி, சாம்பல் நிரப்பிய வாளிக்குள் புதைத்து வைத்தியசாலை அறையில் வைத்துப் பூட்டினாள். தெற்கே அந்த மாதிரிச் சரக்கை வாங்கிக் கப்பலில் வெளியே அனுப்பும் இடம் ஒன்று இருக்கிறதாம். "முதல்லயே என்கிட்ட குடுத்திருந்தா இவ்வளவுதான் அக்கா வேலை" என்றாள். அதைக் கேட்டு தெபோரா வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரங்களில் ஆறு வீட்டில் யாருக்கு வயிறு வலித்தாலும் எல்லோர் கண்ணும் அவள் வீட்டுப் பக்கம் போனது. பிபியானாவின் மகள் வாந்தி எடுத்த அன்று, தெபோரா அந்த வீட்டு வாசல் மணலில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். உள்ளே கூப்பிட்டும் போகவில்லை. கெட்டுப்போன மீன் என்று ரோத்தே சொன்ன பிறகுதான் எழுந்தாள். எழுந்தவள் நேராக வண்டியை எடுத்தாள்.

தெற்கேயிருந்து ஓர் அதிகாரி வந்து கிணற்றுத் தண்ணீரை இரண்டு புட்டியில் எடுத்துப்போனார். உப்புப் பார்க்க இங்கே வசதி உண்டாம், இதைப் பார்க்க இல்லையாம், வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டுமாம். அந்தப் பதில் இன்றைக்கு வரை வரவில்லை.

பத்தாம் வாரம் மழை வந்தது. ஐந்து நாள் கொட்டியது. கிணற்றை நாலு தடவை இறைத்து வெளியே ஊற்றினோம். ரோத்தே அதிகாரிகளிடம் போனில் பேசிவிட்டு வந்தாள்.

"இனிமே இருக்காதுன்னுதான் சொல்றாங்க. எழுதிக் குடுக்க மட்டும் யாரும் தயாரில்ல."

யார் முதலில் குடிப்பது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான் குடிக்கிறேன், இனி எனக்கென்ன என்றேன். தெபோரா என் கையிலிருந்து சிரட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். "இதுலயும் எனக்கு முந்தப் பாக்கிறீங்களா அத்தை?" என்றாள். ஆறு வீடும் பார்க்க மொண்டு குடித்துவிட்டு, கிணற்றடியிலேயே உட்கார்ந்தாள். குழந்தை மடிக்கு வந்தபோது தள்ளிவிட்டாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். துடிப்பு எண்ண எனக்குத் தெரியாது. இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று யாரும் மொள்ளவில்லை. மறுநாளும் குடித்தாள். அதற்கு மறுநாளும். நாலாம் நாள் பிபியானா கெட்டிலோடு வந்து, "செத்தா கோழிக்குப் பதில் யாருகிட்ட கேக்கறது" என்று முணுமுணுத்துக்கொண்டே மொண்டு போனாள். ஒரு வாரத்தில் ஆறு வீடும் வந்துவிட்டது.

ஆறு வீடும் வந்த மறுநாளிலிருந்து தெபோரா அந்தக் கிணற்றில் குடிக்கவில்லை. அடுத்த ஊருக்குத் தனக்கு மட்டும் ஒரு கேன் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். மழைத்தொட்டி நிறைந்து கிடக்கிறது, அதையும் தொடுவதில்லை. எரிதாயா போனில் கெஞ்சிப் பார்த்துவிட்டான். பெரியவர் பெயா சொல்லிப் பார்த்துவிட்டார். நான் திட்டியே பார்த்துவிட்டேன்.

"குடிச்சியேடி! எங்க எல்லார் முன்னாலயும் குடிச்சியே!"

"அது உங்களுக்காக அத்தை. எனக்குன்னு மொண்டா தொண்டையில எறங்க மாட்டேங்குது."

குழி வெறுமனே கிடக்கிறது. அதில் எதையும் நடவில்லை. தினமும் விடிந்ததும் நான் கிணற்றில் ஒரு வாளி மொண்டு அவள் வாசலில் வைக்கிறேன். தினமும் அதில் அவள் பாத்திரம் கழுவுகிறாள். கழுவட்டும். நாளைக்கும் வைப்பேன்.