என் விண்வெளிப் புத்தகங்களும் அண்ணாச்சியின் தராசும்

இன்று மதியம் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தால், என் கட்டிலுக்கடியில் இருந்த இரண்டு அட்டைப்பெட்டிகளைக் காணோம்.

உள்ளே இருந்தவை நாற்பத்து மூன்று புத்தகங்கள்.

எல்லாம் ஒரே இங்கிலீஷ் டிவி சீரியலின் கதைகள். ஒவ்வொரு எபிசோடையும் ஒரு குட்டி நாவலாக எழுதிப் புத்தகமாகப் போட்டிருப்பார்கள். விண்வெளியில் ஓடும் ஓட்டைச் சரக்குக் கப்பல் ஒன்று. அதை உடைத்துப் பழைய இரும்பாக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அதில் வேலை பார்க்கும் ஒன்பது பேர் முடியாது என்று கப்பலோடு ஓடிப்போகிறார்கள்.

சீரியலை நான் பார்த்ததே இல்லை. (நிஜமாகத்தான்.)

மதுரையில் நர்சிங் படித்தபோது பழைய புத்தகக் கடையில் ஒன்று கிடைத்தது. அடுத்து என்ன ஆனது என்று தேடப்போய், இருபது வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஜெபக் கூட்டம். அதற்காக மதினி வீட்டை ஒதுங்க வைத்துச் சுத்தம் செய்திருக்கிறார். காலையிலேயே பழைய பேப்பர்காரரிடம் எல்லாம் போய்விட்டது. பொம்மைப் படம் போட்ட புத்தகம்தானே, நீ மறந்திருப்பாய் என்று நினைத்தேன் என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் திட்டவும் வரவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன்தான் எரிச்சலைக் கிளப்பினார்.

"டிவில வந்ததத் திருப்பி எழுதுனதெல்லாம் ஒரு புத்தகமா கிரேஸு? இப்பத்தான் எல்லாம் போன்லயே இருக்குல்ல, பாத்துக்க வேண்டியதுதான."

யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஸ்கூட்டியை எடுத்தேன்.

பழைய பேப்பர் கடையில் விசாரித்தால், லோடு அப்போதே மல்லாங்கிணறு பக்கம் போய்விட்டதாம். வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டும் இடத்துக்கு.

விருதுநகரிலிருந்து அங்கே போய்ச் சேரும்வரை மனதுக்குள் புத்தகங்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனேன்.

தகரக் கொட்டகை. எட்டுப் பெண்கள் உட்கார்ந்து காகிதத்தை வெட்டி, பசை தடவி, கம்பியில் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். என் பெட்டிகள் திறந்து கிடந்தன. ஒரு பக்கம் கிழித்துப் போட்ட அட்டைகள். முத்துமாரி என்ற அக்காவின் கையில் அட்டை போன ஒரு புத்தகம்.

"அக்கா, அதக் கிழிக்காதீக."

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. எட்டுப் பேரும் கையை நிறுத்திவிட்டார்கள்.

முதலாளி அண்ணாச்சி எழுந்து வந்தார். சர்க்கரை கூடி எங்கள் வார்டில் ஒரு வாரம் இருந்தவர், பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"சீசன் நேரம் சிஸ்டர். பேப்பர் இல்லேன்னா இவுக எட்டுப் பேரும் சும்மா உக்காரணும். அதே எடைக்கு வேற பேப்பர் கொண்டாங்க, எடுத்துட்டுப் போங்க."

நியாயம்தான். நான் வரும்வரை தொடக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

வீட்டில் ஒரு செய்தித்தாள்கூட மிச்சமில்லை. எல்லாம் காலையிலேயே போய்விட்டது.

ஹாலில் கண்ணாடி ஷோகேஸ் இருந்தது. அதற்குள் என் நர்சிங் பாடப் புத்தகங்கள். வருகிறவர்களெல்லாம் பார்க்கட்டும் என்று அண்ணன் அடுக்கி வைத்தவை, ஒவ்வொன்றும் செங்கல் கனம். கதவைத் திறந்து இறக்க ஆரம்பித்தேன்.

அண்ணன் பதறிப்போனார். "ஏ கிரேஸு, ஒன்னைய ஆளாக்குன புத்தகம் அது!"

"ஆளாக்குனது இதுதாண்ணே, இல்லேங்கல. ஆனா இதுல இருக்கது பூராம் எனக்கு மனப்பாடம். வார்டுல ஒரே நாள்ல மூணு சாவு பாத்துட்டு வந்தேனே, அன்னைக்கு இதையா எடுத்துப் படிச்சேன்? அந்தக் கப்பல் கதையப் படிச்சுத்தான் மறுநா வேலைக்குப் போனேன்."

அண்ணன் உள்ளே போய்க் கயிறு எடுத்து வந்து, புத்தகங்களைக் கட்டி ஸ்கூட்டியில் வைத்துக் கொடுத்தார்.

அண்ணாச்சியின் தராசில் பாடப் புத்தகத் தட்டு சட்டென்று இறங்கியது. (மூன்று வருடப் படிப்பாயிற்றே.)

நாற்பத்தொன்று கிடைத்தன. இரண்டு புத்தகங்கள் ஏற்கெனவே குழாயாகி வெளியே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

பெட்டியைக் கட்டும்போது முத்துமாரி அக்கா கேட்டார். "அப்படி என்ன சிஸ்டர் இருக்கு இதுல, ரெண்டு தரம் ஓடியாந்தீக?"

கப்பலைப் பற்றிச் சொன்னேன். ஒன்பது பேரைப் பற்றியும், இஞ்சினைப் பழுதுபார்க்கும் நாற்பது வயதுப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன்.

"இஞ்சின் பாக்குறது பொம்பளையா?"

"ஆமாக்கா. அவ இல்லேன்னா கப்பல் நகராது."

அவர் எழுந்து போய் அந்த அட்டைக் குவியலைக் கிளறி, என்னுடையதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து பெட்டியில் வைத்தார். "கெட்டி அட்டை, சுருட்ட வராது. ஒட்டிக்கோங்க."

போனில் பார்க்கலாம்தான். நான் பார்க்க மாட்டேன். அந்த இஞ்சின்காரிக்கு என் மனதில் ஒரு முகம் இருக்கிறது. எந்த நடிகையும் வந்து அதை மாற்ற வேண்டாம்.

நாற்பத்தொரு புத்தகங்களும் இப்போது ஹால் ஷோகேஸில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஒரு திரை போட்டு மறைத்துக்கொள்ளலாமா என்று மதினி கேட்டார். வேண்டாம் என்றேன். வருகிறவர்கள் பார்க்கட்டும்.

இந்தத் தீபாவளிக்கு உங்கள் வாசலில் சரவெடி வெடித்துச் சிதறும் காகிதத்தில் விண்கலம், இஞ்சின் பற்றி ஏதாவது இங்கிலீஷ் வரி தென்பட்டால், கூட்டிப் பெருக்குமுன் ஒரு போட்டோ எடுத்து அனுப்புவீர்களா?

குழாயாகிப்போன அந்த இரண்டில் ஒன்றை நான் இன்னும் படித்து முடிக்கவில்லை!