அந்தியேட்டியும் கடைசி ஆட்டமும்

என் மகன் பன்னிரண்டு ஆண்டுகள் ஜேர்மனியின் நான்காம் பிரிவு உதைபந்தாட்டக் கழகங்களில் பின்வரிசையில் ஆடினான். அவனுடைய தாய் ஒவ்வொரு பருவத்திலும் சில ஆட்டங்களுக்காவது எல்லைக்கு இப்பாலுள்ள எங்கள் ஊரான எம்மன்புரூக்கேயிலிருந்து ரயிலேறிப் போவாள். நான் போனதில்லை. பின்வரிசைக்காரன் ஒரு பந்தைத் தடுத்தால் உள்ளூர்ச் செய்தித்தாள் எழுதாது, தவறவிட்டால் எழுதும். அந்தச் செய்திகளை நான் படித்திருக்கிறேன்.

அவள் காலமானபோது அவனுக்கு முப்பத்திரண்டு வயது. முழங்காலில் இருமுறை அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. அவனுடைய கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் விளிம்பில் நின்றது. இறங்கினால் ஒப்பந்தம் முடிந்துவிடும். அந்த முழங்காலுடன் வேறெந்தக் கழகமும் அவனை எடுக்காது.

அஸ்தியைக் கரைத்துப் பிண்டம் வைக்கும் அந்தியேட்டிக்குரிய முப்பத்தோராம் நாள் ஒரு வியாழக்கிழமை. நான் அதைச் சனிக்கிழமைக்கு மாற்றினேன். இங்கே எல்லோரும் செய்வதுதான்: வேலைக்குப் போகிறவர்கள் வர வேண்டும், மதிய உணவுக்கு மண்டபம் கிடைக்க வேண்டும். அறுபது பேருக்கு அறிவித்த பிறகே மகனிடம் சொன்னேன். அந்தச் சனிக்கிழமை இரண்டு மணிக்கு அவர்களுடைய பருவத்தின் கடைசி ஆட்டம் இருந்தது.

வியாழனன்றே செய்யலாமா என்று ஒருமுறை கேட்டான். எல்லோருக்கும் சொல்லியாயிற்று என்றேன். பன்னிரண்டரைக்குள் வந்துவிடுவதாகப் பயிற்சியாளருக்குச் சொல்லிவைத்தான்.

ஏழு மணிக்குத் தொடங்க வேண்டிய கிரியை, ஓர்லிகோனிலிருந்து வந்த ஐயரின் ரயில் தாமதித்ததால், எட்டே முக்காலுக்குத்தான் ரொய்ஸ் ஆற்றங்கரையில் தொடங்கியது. பத்து மணியாயிற்று. பிறகு பத்தேகால். காரில் அவனுக்கு இரண்டு மணித்தியாலமாவது வேண்டும். அவன் விரலில் தர்ப்பையுடன் நிமிர்ந்து அமர்ந்திருந்தான். ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

கொஞ்சம் சுருக்க இயலுமா என்று ஐயரிடம் குனிந்து கேட்டேன். பின்னால் நின்ற என் மனைவியின் தமையனாருக்கு அது கேட்டுவிட்டது.

“பந்தடிக்கிறதுக்கோ மச்சான் இந்த அவசரம்? என்ர தங்கச்சிக்கு இந்த ஒருநாள்தானே.”

மகனிடம் சொன்னேன்: “தம்பி, எழும்பு. மிச்சத்தை நான் செய்யிறன்.”

“அம்மாவைக் கரைக்காமல் நான் போகமாட்டன்.”

மனைவிக்குக் கணவன் பிண்டம் வைக்கலாம் என்றார் ஐயர். அஸ்தியை முதலில் கரைக்கவும் சம்மதித்தார். மகன் வேட்டியை மடித்துக் கட்டி ஆற்றில் இறங்கினான். அவனுடைய முழங்கால் தழும்புகளை அன்றுதான் அருகிலிருந்து கண்டேன். கலசம் வெறுமையான பின்பும் நீரில் நின்றான்.

அவன் ஈர வேட்டியுடனேயே காரை எடுத்தபோது பத்து ஐம்பது. அவன் எழுந்த இடத்தில் நான் அமர்ந்து, ஐயர் சொன்னவற்றைத் திருப்பிச் சொன்னேன்.

மாலை ஆறு மணிக்கு அழைத்தான். எல்லையில் வாகன நெரிசல். போய்ச் சேர்ந்தபோது முதல் பதினொருவரில் அவனுடைய இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்திருந்தார்கள். தொண்ணூறு நிமிடமும் மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில் இருந்திருக்கிறான். மூலை உதை ஒன்றிலிருந்து வந்த ஒரே கோலில் தோற்று, கழகம் இறங்கிவிட்டது. அந்தப் பந்து விழுந்த இடம் வழக்கமாக அவன் நிற்கும் இடம்.

“பிழை என்னில,” என்றேன்.

“ஓம் அப்பா,” என்றான், குரலை உயர்த்தாமல்.

இருவரும் தொலைபேசியை வைக்கவில்லை. அவனுக்குப் பின்னால் யாரோ சப்பாத்துகளைச் சுவரில் தட்டி மண்ணை உதிர்த்துக்கொண்டிருந்தார்கள்.