காளிதாஸ் நடத்திய பெண் வீட்டு விசாரிப்பு

காளிதாஸுக்குச் சம்பளம் கொடுப்பதே கையுறைகளைச் சந்தேகிப்பதற்காகத்தான். கூலாய்க்கும் செனாய்க்கும் நடுவில் இருக்கும் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் அவர் தரப் பரிசோதகர். பெட்டியிலிருந்து ஒரு கையுறையை உருவி, அதில் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றி, கம்பியில் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் முறைத்துப் பார்ப்பார். விரல் நுனியில் ஒரு சொட்டு அரும்பினால் அந்தப் பெட்டியின் கதை முடிந்தது. இருபத்தாறு வருடமாக இதைச் செய்கிறவர், ஒழுகாத கையுறையைக் கண்டு மகிழ்வதில்லை. தண்ணீரைக் குறைவாக ஊற்றிவிட்டோமோ என்றுதான் நினைப்பார்.

குணம் தொழிலால் வந்தது என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மை. லாபிஸ் பக்கத்துத் தோட்டத்தில் அவர் பிறந்து வளர்ந்த காலத்தில், தபால் எல்லாம் ஆபீசுக்கு வந்து, கிராணி என்கிற கணக்கரின் கையைத் தாண்டித்தான் தொழிலாளர் லயத்துக்கு வரும். அவருக்குப் பத்தொன்பது வயதில், பினாங்குக்கு வேலைக்குப் போன சிநேகிதன் ஒருவன் எழுதிய கடிதம், உறை பிரிந்து, சோற்றுப் பருக்கையால் மறுபடி ஒட்டப்பட்டு வந்து சேர்ந்தது. கிராணி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு காளிதாஸைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் காளிதாஸ் தோட்டத்தை விட்டார். இப்போது ஐம்பத்தொரு வயது. மின்சாரக் கட்டண உறையைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பிரிக்கிறார்.

யாரையும் நம்பாத இந்த மனிதர்தான், நம்பிக்கையைத் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு கூட்டத்தின் வாசலில் காவல் நிற்கிறார். மாதத்தின் முதல் ஞாயிறு, மதியம் இரண்டு மணி. கூலாயில் ஒரு கடைவரிசையின் மேல்மாடி, லியோனார்டின் வீடு. லியோனார்ட் சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் தாதி. எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போய் வந்த களைப்பையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கோழிப் பிரட்டலில் தீர்த்துக்கொள்கிறவர். அங்கே பதினான்கு பேர் கூடுவார்கள். ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள். கீழே கேட்கிறவர்களுக்கு அது கேரம் குழு. பதினான்கு பேரில் கேரம் ஆடத் தெரிந்தவர்கள் இரண்டு பேர், அவர்களும் பேசிக்கொள்வதில்லை. மற்றபடி பாட்டு, சாப்பாடு, ஊர் வம்பு. வாரமெல்லாம் 'கல்யாணம் எப்போது' என்று கேட்கப்படுகிறவர்கள், அந்தக் கேள்வியே இல்லாத மூன்று மணி நேரத்துக்காக எங்கெங்கிருந்தோ மோட்டார் ஓட்டி வந்தார்கள். சட்டம் அவர்கள் பக்கம் இல்லை. அக்கம்பக்கம் அதைவிட மோசம்.

ஆறு வருடத்துக்கு முன் ஒருவன் இனிக்கப் பேசிக்கொண்டு வந்து, இரண்டு மாதம் பிரட்டல் தின்றுவிட்டு, கைப்பேசியில் எடுத்த படங்களை ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். அப்போது பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்த கெர்ட்ரூடுக்குத் திங்கட்கிழமை வேலை இல்லை. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று காரணம் சொன்னார்கள். பிள்ளைகளை எண்ணிப் பார்த்துக்கொண்டே அவர் வெளியே வந்தார், ஒருவர்கூடக் குறையவில்லை. அன்றிலிருந்து லியோனார்டின் வாசலில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. உள்ளே வருகிறவர்கள் கைப்பேசியை அதில் போட்டுவிட வேண்டும். காளிதாஸ் மட்டும் போடமாட்டார். ஆபத்தென்றால் யாரையாவது கூப்பிட வேண்டாமா என்பார். யாரை என்று சொன்னதில்லை.

புதிதாக வருகிறவர்களைச் சோதிக்க அவர் கண்டுபிடித்த வழிதான் அவருடைய பெருமை. ஒருவனைப் பற்றி அவன் ஊரில் போய் விசாரித்தால் ஏன், எதற்கு என்பார்கள். பெண் வீட்டிலிருந்து விசாரிக்கிறோம் என்றால் போதும், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கேட்காததையும் சேர்த்துச் சொல்வார்கள். ஆகவே அந்தக் குழுவில் சேர விரும்பும் ஒவ்வொருவருக்கும், அவர்களுக்கே தெரியாமல், ஒரு சம்பந்தம் பேசப்பட்டது. கல்யாணத்துக்குத் தப்பி ஓடி வந்தவர்களை, கல்யாண விசாரிப்பு என்ற ஒரே கதவு வழியாக உள்ளே விட்டார் காளிதாஸ். அத்தை குரலில் தொலைபேசியில் பேசுவது கெர்ட்ரூட். ஐம்பத்தெட்டு வயது, குழைவான குரல், யாரும் சந்தேகிக்க முடியாது.

செல்வாவிடம் முறை தடுமாறியது.

முப்பத்து மூன்று வயது, பெக்கோக் ஊர்க்காரன், செனாயில் ஒரு கிடங்கில் வேலை. முதல் சந்திப்பு ஒரு மாமாக் தேநீர்க் கடையில். காளிதாஸ் இருபது நிமிடம் முன்னதாகப் போய் மறைவாக உட்கார்ந்து பார்த்தார். பையன் சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்தான். முதல் சந்தேகம்.

"பேரு?"

"செல்வாண்ணே."

"அது இங்க சொல்ற பேரு. நெசப் பேரு?"

"நெசப் பேரே அதாண்ணே. ஐ.சி. காட்டட்டுமா?"

காட்டியும்விட்டான். குழுவின் பதினான்கு பேரும் முதல் மாதம் பொய்ப் பெயரில் இருந்தவர்கள். லியோனார்ட் தன் சொந்த வீட்டிலேயே ஆறு வாரம் 'ராபர்ட்' ஆக இருந்தவர். கேட்காமலேயே அடையாள அட்டையை நீட்டுகிறவனைக் காளிதாஸ் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

"போலீசுதான்," என்றார் அன்று மாலை கெர்ட்ரூடிடம். "பொய் சொல்லத் தெரியாதவன் நம்மகிட்ட ஏங்கா வரான்?"

"அலமாக்! ஒழுங்கா இருக்கறதும் குத்தமா? நீ ஏன்டா வந்த?"

"நான் ஒழுங்குன்னு யாரு சொன்னா? பெக்கோக்குக்கு போன் போடுங்க."

பெக்கோக்கில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ஐயாசாமியின் எண் கிடைத்தது. கெர்ட்ரூட் தொண்டையைக் கனைத்து அத்தையானார். "வணக்கம்ணே, கூலாயிலேர்ந்து பேசறேன். நம்ம கருப்பாயி அம்மா மவன் செல்வா இருக்காரில்ல, ஒரு சம்பந்த விசயம். வெளிய தெரிய வேணாம்." பிறகு காளிதாஸ் எழுதிக் கொடுத்த கேள்விகள்: குடிப்பானா, கூட்டாளிகள் யார், வாய் எப்படி, கேட்டதை வெளியே சொல்வானா, போலீசிலோ அரசாங்கத்திலோ உறவுக்காரர் உண்டா.

"தங்கமான புள்ள தங்கச்சி," என்றார் ஐயாசாமி. "குடி இல்ல, சிகரெட் இல்ல, பொம்பள சகவாசம் அறவே இல்ல."

கடைசித் தகவலில் கெர்ட்ரூடுக்கு நம்பிக்கை பிறந்தது. காளிதாஸுக்குப் பிறக்கவில்லை. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லையே!

ஐயாசாமி ரகசியத்தைக் காப்பாற்றினார், கருப்பாயியின் வீடு இருக்கும் தெருமுனை வரைக்கும். பத்து நாள் கழித்து கெர்ட்ரூடின் கைப்பேசி அடித்தது. "தங்கச்சி, நான் பெக்கோக் கருப்பாயி. மாப்பிள வீடு பாக்க எப்ப வரீங்க? சனிக்கிழமை வாங்க. காத்திருக்கேன்." பதில் சொல்லுமுன் வைத்துவிட்டார்.

அதே நாள் செல்வா காளிதாஸைக் கூப்பிட்டான்.

"அண்ணே, மொத ஞாயிறு நான் வரமாட்டேன் போல. கூலாயிலேர்ந்து எவனோ எனக்குப் பொண்ணு குடுக்கறேன்னு விசாரிச்சிருக்கான். போன தீவாளிக்கு அம்மாகிட்ட என்னப் பத்தி எல்லாத்தையும் சொல்லிட்டேன். எட்டு மாசம் பேசல. இப்பத்தான் சாப்பிட்டியான்னு கேக்க ஆரம்பிச்சிச்சு. அதுக்குள்ள இந்த போன். பலகாரம் சுடுது. எவன்னு மட்டும் தெரிஞ்சா…"

எவன் என்று காளிதாஸுக்குத் தெரியும். ஒருவன் எட்டு மாதம் பட்டினி கிடந்து வாங்கிய ஒரு 'சாப்பிட்டியா'வைத் தான் ஒரே தொலைபேசியில் கலைத்துவிட்டது புரிந்தது. அதே மூச்சில், இதெல்லாம் நாடகமாக இருந்தால் என்றும் தோன்றியது. பழக்கம்.

"போய்த்தான் ஆவணும்," என்றார் கெர்ட்ரூட். "நம்ம போட்ட முடிச்சு. சாதகம் பொருந்தலன்னு சொல்லிட்டு வந்துருவோம். யார் மனசும் நோகாது."

சனிக்கிழமை பட்டுச் சேலையில் கெர்ட்ரூட், காரை ஓட்டிக்கொண்டு காளிதாஸ். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி, இரண்டு பக்கமும் எண்ணெய்ப் பனையாகவே வரும் சாலையில் திரும்பியதும், கெர்ட்ரூட் கழுத்துச் சிலுவையை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டார். ஞானஸ்நானம் பெற்றவர், செவ்வாய் தோஷத்தைச் சாட்சிக்கு அழைக்கப் போகிறார்.

வீட்டில் முறுக்கும் தேநீரும் தயாராக இருந்தன. கருப்பாயிக்கு அறுபத்து மூன்று வயது, ஒல்லி, பனைத்தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிப் பிள்ளையை வளர்த்த கைகள். அறையிலிருந்து வெளியே வந்த செல்வா காளிதாஸைப் பார்த்து நின்றுவிட்டான்.

"அண்ணே… நீங்களா பொண்ணு வீடு?"

காளிதாஸ் முறுக்கைப் பார்த்தார்.

"தெரிஞ்சவங்களா? நல்லதாப் போச்சு," என்றார் கருப்பாயி. குரலில் வியப்பே இல்லை. "பொண்ணு பேரு?"

"தேன்மொழி," என்றார் கெர்ட்ரூட்.

"என்ன ராசி?"

"மகம்."

"அது நட்சத்திரம். ராசி கேட்டேன்."

கெர்ட்ரூட் காளிதாஸைப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. "ராசி… அதான் பொருந்தலங்க," என்றார் கெர்ட்ரூட் அவசரமாக. "செவ்வா தோசம். மன்னிச்சுக்குங்க, வந்த கையோட சொல்லிட்டுப் போயிரலாம்னு…"

"தெரியாத ராசி எப்படி தங்கச்சி பொருந்தாமப் போச்சு?"

ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றப்பட்டுவிட்டது என்று காளிதாஸுக்குத் தெரிந்தது. கம்பியில் தொங்குவது அவரேதான்.

"நீங்க போலீசா?" என்றார் கருப்பாயி.

ஆறு வருடமாக ஒவ்வொரு புது முகத்தையும் பார்த்து மனசுக்குள் கேட்ட கேள்வி, முதல் தடவையாக அவரை நோக்கி வந்தது.

"அந்த போன் வந்து மூணு நாளு சந்தோசமா இருந்தேன் தம்பி. புள்ள தீவாளிக்கு சொன்னது ஏதோ கோவத்துல சொன்னதுன்னு நெனச்சி, கோயில்ல போயி எண்ண ஊத்தினேன். நாலாம் நாளு மீனு கழுவறப்பதான் ஒறச்சிச்சு. ஐயாசாமிகிட்ட எல்லாத்தையும் கேட்டீங்க. சேக்காளி யாரு, வாய் எப்படி, போலீசுல ஆளு இருக்கான்னெல்லாம். சம்பளம் கேக்கல. சம்பளம் கேக்காத பொண்ணு வீடு எந்த ஊர்ல இருக்கு? அப்பத்தான் தெரிஞ்சிச்சு, இவனுங்க பொண்ணு குடுக்க வரல, எம் புள்ளய மாட்டிவிட வரானுங்கன்னு. யாருன்னு மூஞ்சியப் பாக்கத்தான் பலகாரம் சுட்டேன்."

"அம்மா, இவங்க போலீசு இல்லம்மா," என்றான் செல்வா மெதுவாக. "நான் சொன்னேன்ல, ஞாயித்துக்கிழம ஒரு கூட்டம்னு. அதுல வாசல்ல நிக்கறவரு."

"எங்கள பத்தி அம்மாட்ட சொல்லிட்டியா!" என்று அலறிவிட்டார் காளிதாஸ்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேண்ணே. அதான் பேர மாத்தல. இனிமே யாருகிட்ட மறைக்க?"

காளிதாஸ் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். "தப்புதாங்கம்மா. உங்க மூணு நாளும் என்னாலதான். பயம். முன்ன ஒருத்தன் உள்ள வந்து இந்த அக்கா வேலைக்கு உல வெச்சிட்டான். அதுலேர்ந்து யாரையும்…"

"மன்னிப்பு அப்பறம். இப்ப நான் விசாரிக்கறேன், பதில் சொல்லு. அங்க குடி உண்டா?"

"இல்லங்க. லியோனார்ட் விடமாட்டாரு."

"சேக்காளி யாரு யாரு?"

சொன்னார். பெயர் இல்லாமல், ஆனால் வேலையும் வயதுமாக, பதினான்கு பேரையும். அவ்வளவு உண்மையை ஒரே மூச்சில் அவர் யாரிடமும் சொன்னதில்லை. கெர்ட்ரூட் சிலுவையை வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு முறுக்கைக் கடித்தார்.

"வாயால எல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார் கருப்பாயி. "நேர்ல பாத்துட்டுத்தான் அனுப்புவேன்."

"வெளியாளுங்கள விடறதில்லங்கம்மா."

"எம் புள்ளயப் பத்தி ஊரக் கேட்டப்ப நீ உள்ளாளா?"

முதல் ஞாயிறு, சரியாக இரண்டு மணிக்கு வந்தார்கள், தாயும் மகனும். நேரம் தவறாமை குடும்ப நோய் என்று காளிதாஸுக்கு அப்போதுதான் விளங்கியது. பிஸ்கட் டின்னை நீட்டினார். செல்வா கைப்பேசியைப் போட்டான். கருப்பாயி போடவில்லை.

"ஒன்னோடது எங்க?"

"நான் வாசல்ல நிக்கறவன்மா, ஆத்திர அவசரத்துக்கு…"

"மொத நீ போடு."

மாடிப்படியில் நின்றபடி லியோனார்ட் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். காளிதாஸ் சட்டைப்பையைத் தடவினார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக, அவருடைய கைப்பேசி தகரத்தில் விழுந்து 'டங்' என்றது. கருப்பாயி தன்னுடையதை அதன்மேல் வைத்தார். பிறகு மூடியை அழுத்தி, டின்னையே வாங்கிக்கொண்டு போய், மூலையில் ஒரு நாற்காலியில் மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று மணி நேரமும் அப்படியே. யாருடனும் சிரிக்கவில்லை. பிரட்டலை மட்டும் இரண்டு தடவை வாங்கினார்.

கிளம்பும்போது கைப்பேசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, முகத்தைப் பார்த்துக் கொடுத்தார். கடைசியாகக் காளிதாஸுடையது.

"வரட்டும். அடுத்த மாசம் அவனே வருவான்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த செவப்புச் சட்டக்காரன் மட்டும் சரியில்ல. சும்மா சும்மா சிரிக்கறான். கண்ணு வெச்சுக்க."

சிவப்புச் சட்டை போட்டிருந்தது லியோனார்ட்.

காளிதாஸ் சரியென்று தலையாட்டினார்.